டூரிங்கின் கையேடு, ஹாரோ பள்ளி வாத்தியார், ஒரு முழு ராத்திரி

1951ல் ஒருவர் புரோகிராமிங் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் என்ன செய்திருப்பார்? கோர்ஸ் அபூர்வம். புத்தகமும் அபூர்வம். பிரிட்டன் முழுக்கத் தேடினாலும் ஓடுகிற நிலையில் இருந்த கம்ப்யூட்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வருஷம், தன் 34ஆவது வயதில், ஹாரோ பள்ளியில் வாத்தியாராக இருந்த ஒருவர் லீவு நாட்களில் உட்கார்ந்து தானாகவே கற்றுக்கொண்டார். பெயர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி.

நீங்கள் சி மொழியில் ஒரு வரி எழுதியிருந்தால்கூட இவருக்கு நீங்கள் தூரத்துச் சொந்தம். சி மொழிக்கு அப்பா பி. தாத்தா பிசிபிஎல். கொள்ளுத்தாத்தா சிபிஎல். அந்தக் கொள்ளுத்தாத்தாவை 1960களில் வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஸ்ட்ரேச்சி. ஆனால் அந்தப் பெருமையைப் பற்றி எழுத நான் இதைத் தொடங்கவில்லை. அவர் தன்பாலீர்ப்பு கொண்டவர். கல்லூரியில் மனமுறிவு வந்து, சுமாரான டிகிரியோடு வெளியே வந்தவர். வழக்கமான பாதையில் எதையும் சரியாக முடிக்காத அந்த மனிதர் ஒரே வருஷத்தில், அந்த நாட்டிலேயே மிகச் சிலருக்குத்தான் தெரிந்த ஒரு வேலையில் முன்வரிசைக்கு வந்துவிட்டார். எப்படி? அதுதான் என் கேள்வி.

இந்த மாதிரிக் கேள்விக்கு இரண்டு ரெடிமேட் பதில்கள் உண்டு. முதல் பதில்: "கம்ப்யூட்டருக்கு நீ யார் என்பது தெரியாது, அது பாகுபாடு பார்க்காது, அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் அங்கே போய்ச் சேர்கிறோம்." கேட்க இதமாக இருக்கும். இரண்டாவது பதில்: "அவர்களுக்கெல்லாம் ஆட்டிசம் இருந்திருக்கும்." டூரிங் விஷயத்தில் இது ஆய்விதழ் வரைக்கும் போயிருக்கிறது. 2003ல் இரண்டு அயர்லாந்து மனநல மருத்துவர்கள், ஆலன் டூரிங்குக்கு ஆஸ்பெர்ஜர் இருந்ததா என்று கட்டுரையே எழுதினார்கள். டீ குடிக்கிற கோப்பையைச் சங்கிலி போட்டு ரேடியேட்டரோடு பூட்டி வைப்பார், மகரந்த அலர்ஜிக்குப் பயந்து வாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவார், பேச்சில் திக்கல். இந்தப் பட்டியலை நீங்களும் எங்கேயாவது படித்திருப்பீர்கள்.

எனக்கு இந்தச் செத்தவர் வைத்தியத்தில் ஒட்டுதல் இல்லை. எனக்கு ஏடிஹெச்டி என்று 29 வயதில்தான் உறுதியானது. அந்த மருத்துவர் மூன்று தடவை உட்கார வைத்துப் பேசினார், அம்மாவிடம் தனியாகக் கேட்டார், பழைய ரேங்க் கார்டைத் தேடி எடுத்துவரச் சொன்னார். இத்தனைக்குப் பிறகும் நிதானமாகத்தான் சொன்னார். 1954ல் இறந்துபோன மனிதரை டீக்கோப்பையை வைத்து முடிவுசெய்வதற்கு என் மனசு ஒப்பவில்லை. டூரிங்குக்கும் சரி, ஸ்ட்ரேச்சிக்கும் சரி, நான் எந்தப் பெயரும் வைக்கப் போவதில்லை. அவர்கள் மூளை என்ன வகை என்பதைவிட, எந்தச் சூழலில் அது வேலை செய்தது என்பதற்குத்தான் ஆதாரம் நிறைய இருக்கிறது.

முதலில் குடும்பம். ஸ்ட்ரேச்சி குடும்பத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு கசப்பான தொடர்பு உண்டு. கிறிஸ்டோபரின் தாத்தா சர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி இந்தியாவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்தவர். 1876லிருந்து 78 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியதே தாது வருஷப் பஞ்சம், அதற்குப் பிறகு போட்ட பஞ்சக் கமிஷனுக்குத் தலைவர் அவர்தான். அவர் மகன் ஆலிவர், கிறிஸ்டோபரின் அப்பா, கொஞ்ச காலம் இந்தியாவில் ரயில்வே வேலை பார்த்தார், பிறகு இரண்டு உலகப் போர்களிலும் எதிரிகளின் ரகசியக் குறியீடுகளை உடைத்தார். அம்மா ரே ஸ்ட்ரேச்சி, பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடியவர், அந்தப் போராட்டத்தின் வரலாற்றை எழுதியவர். பெரியப்பா சித்தப்பா வரிசையில் ஒருவர் லிட்டன் ஸ்ட்ரேச்சி. புளூம்ஸ்பரி வட்டத்து எழுத்தாளர். ஆண்களைக் காதலித்தவர் என்பது அந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தன்பாலீர்ப்பு என்ற விஷயம் வீட்டு ஹாலிலேயே பேசப்பட்ட குடும்பம் அது. 1930களின் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட வீடுகள் அபூர்வம். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது கிறிஸ்டோபர் உடைந்துபோனார். நரம்புத் தளர்ச்சி என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். தன் ஈர்ப்பை ஏற்றுக்கொள்வதில் அவருக்கு இருந்த போராட்டம்தான் காரணம் என்று அவருடைய அக்கா பார்பரா பிற்காலத்தில் சொன்னார். வீடு திறந்திருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. வாசலுக்கு வெளியே சட்டம் நிற்கிறதே.

ஆய்வு மாணவராகும் கனவு அந்த ரிசல்ட்டோடு முடிந்தது. ஒரு டெலிபோன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ரேடியோ வால்வுகளைப் பற்றிய கணக்குகள், அதற்காக டிஃபரன்ஷியல் அனலைசர் என்ற பல்சக்கரக் கணக்கு இயந்திரத்தோடு கொஞ்சம் பழக்கம். போர் முடிந்ததும் கான்டர்பரியில் ஒரு பள்ளியில் வாத்தியார் வேலை, 1949லிருந்து ஹாரோ. கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்து, பிற்காலத்தில் உதவிய ஒரே சொத்து அறிமுகங்கள்தான். கிங்ஸ் காலேஜில் அவர் மாணவராக இருந்தபோது அங்கே ஆய்வாளராக இருந்தவர் டூரிங்.

1951 ஜனவரியில், ஒரு நண்பர் மூலம், டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்குப் போய் பைலட் ஏஸ் என்ற கம்ப்யூட்டரை ஒருநாள் முழுக்கப் பார்த்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய் டிராஃப்ட்ஸ் ஆட ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்துவிட்டார். நம் ஊரில் செக்கர்ஸ் என்போமே, அந்த விளையாட்டு. கணக்குப் போடக் கட்டிய மெஷின், நீ முதலில் போடப் போவது விளையாட்டா என்று யாரும் கேட்டிருக்கலாம். ஸ்ட்ரேச்சி பொருட்படுத்தவில்லை. மே மாதம் ஒரு வடிவம் தயார். மெஷினின் மொத்த நினைவகத்தையும் அது விழுங்கியது. ஜூலை 30ஆம் தேதி ஓட்டிப் பார்த்தார். ஓடவில்லை, பிழைகள்.

இடையில் மே 15ஆம் தேதி பிபிசி வானொலியில் டூரிங் பேசினார், டிஜிட்டல் கம்ப்யூட்டர்களால் சிந்திக்க முடியுமா என்று. அதைக் கேட்ட ஸ்ட்ரேச்சி அன்று ராத்திரியே அவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஒரு மெஷின் எப்படிக் கற்கும் என்பது பற்றி. பாடம் சொல்லிக்கொடுத்துப் பழகிய மனிதர் அல்லவா, கற்றல் என்றால் என்ன என்பதில் அவருக்குச் சொந்தக் கருத்து இருந்தது. மான்செஸ்டரில் இன்னும் பெரிய நினைவகத்தோடு ஃபெரான்டி மார்க் 1 வந்திருக்கிறது என்று தெரிந்ததும் டூரிங்கிடம் அதன் கையேட்டைக் கேட்டு வாங்கினார்.

அந்தக் கையேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எழுதியவர் டூரிங்தான். எழுதியவருக்கு மட்டும் எல்லாம் தெளிவாக இருந்த வகை. உதாரணப் புரோகிராம்களில் பிழைகள் மலிந்து கிடக்கும். மெஷினின் மொழியோ இன்னும் மோசம். ஐந்து துளை டேப்பில் 32 குறிகள். பூஜ்யத்துக்குச் சாய்கோடு, ஒன்றுக்கு ஈ என்ற ஆங்கில எழுத்து, இரண்டுக்கு அட் குறி, மூன்றுக்கு ஏ. எந்த வரிசையும் இல்லை, ஏனென்றால் அது தந்தி மெஷினின் குறியீடு. நான்கு குறி சேர்ந்தால் ஒரு கட்டளை. எண்களைத் தலைகீழாக எழுத வேண்டும், சின்ன இலக்கம் முதலில். இதில் எல்லாவற்றிலும் டூரிங் சௌகரியமாக இருந்தார், மற்றவர்களும் 32 குறியை மனப்பாடம் செய்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தார். காகிதம் பூராவும் சாய்கோடுகளாக இருப்பதைப் பார்த்து, மான்செஸ்டர் மழை ஜன்னலில் அடிப்பது போல இருக்கிறது என்று அங்கே ஒரு ஜோக் உண்டு.

எல்லோரும் திணறிய அந்தக் கையேடு ஸ்ட்ரேச்சிக்கு ஒத்துப்போனது. புதிர் போடுகிறவர்களுக்குப் புதிர் கஷ்டமாக இருந்தால்தானே சுவாரஸ்யம். அதோடு டூரிங் ஒரு யோசனை வேறு சொல்லிவைத்தார்: மெஷின் தன்னையே நடித்துக் காட்டுகிற மாதிரி, அதாவது வேறொரு புரோகிராமைப் படிப்படியாக ஓட்டிச் சோதிக்கிற மாதிரி, ஒரு புரோகிராம் எழுதிப் பாரேன் என்று. இன்று டீபக்கர் என்கிறோமே, அதன் முன்னோடி. பயிற்சிக்கு எளிதான ஒன்றைக் கொடுப்பதுதான் வழக்கம். டூரிங்குக்கு அந்த வழக்கம் தெரியாது. ஸ்ட்ரேச்சி கோடை விடுமுறையை அதற்கே செலவழித்து ஆயிரம் கட்டளை அளவுக்கு எழுதினார். அந்த மெஷினில் அதுவரை யாரும் அவ்வளவு நீளமாக எதையும் ஓட்டிப் பார்த்ததில்லை.

பிறகு அந்த ராத்திரி. மான்செஸ்டருக்கு வந்தார். டூரிங் கன்ட்ரோல் மேஜைக்கு முன்னால் நின்று, தனக்கே உரிய கீச்சுக் குரலில், மூச்சு விடாமல், மெஷினை எப்படி இயக்குவது என்று கடகடவென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெஷின் ராத்திரி முழுக்க இவருக்கு. அறையில் வேறு யாரும் இல்லை. பிழை வரும், பார்ப்பார், திருத்துவார், மறுபடி ஓட்டுவார். விடிவதற்குள் புரோகிராம் ஓடிவிட்டது. முடித்த கையோடு அந்த மெஷின் தன் ஒலிபெருக்கியில் பிரிட்டனின் தேசிய கீதத்தை ஊதியது. சத்தம் எழுப்ப ஒரு கட்டளை இருப்பதும், அதை வேகமாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் சுரம் கிடைக்கும் என்பதும் கையேட்டிலேயே உண்டு. அதிலிருந்து ஒரு பாட்டையே கோத்தது ஸ்ட்ரேச்சி. அதே 1951ல் பிபிசி குழு ஒன்று போய் அந்த மெஷினின் இசையைப் பதிவுசெய்தது. 2016ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் அந்த இசைத்தட்டைச் சுத்தப்படுத்தி, சரியான வேகத்தில் மீட்டிருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிறது, கேளுங்கள். குண்டு வண்டு ரீங்காரம் மாதிரி இருக்கும்.

இந்த ராத்திரியில்தான் நான் எப்போதும் வந்து நின்றுவிடுகிறேன். ஒரு மனிதருக்கு யாரும் பார்க்காத ஒரு அறை, தடையில்லாத ஒன்பது பத்து மணி நேரம், தப்பு செய்தால் உடனே காட்டிக்கொடுக்கிற ஒரு மெஷின். மூளை வழக்கத்துக்கு மாறாக இயங்குகிற எங்களில் பலருக்கு இது புரியும். எனக்கு வகுப்பில் உட்கார்ந்து 50 நிமிஷம் கேட்க வராது. ஆனால் ஒரு விஷயம் பிடித்துவிட்டால் சாப்பாட்டை மறந்து விடிய விடிய உட்காருவேன். நான் கோடிங் படிக்கப் போன ஒரு பயிற்சி நிறுவனத்தில் 85 சதவீத வருகைப்பதிவு, கேமரா ஆன், கேள்வி கேட்டால் உடனே பதில். அங்கே எனக்குக் கிடைத்த பட்டம் "அக்கறையில்லாத பையன்". பைத்தான் நான் கற்றது அங்கே இல்லை. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு சாவியை என்னிடம் விட்டுப்போன ஒரு பிரவுசிங் சென்டர் அண்ணன் புண்ணியத்தில். அவர் எதையும் விளக்கியதில்லை. "ஷட்டரை இறக்கிட்டுப் போடா, தம்பி" என்பார், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ராத்திரி எல்லோருக்கும் கிடைக்கக்கூடியதா? இல்லை. ஸ்ட்ரேச்சி என்ற குடும்பப் பெயர், கிங்ஸ் காலேஜ், ஹாரோ. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் டெடிங்டன் ஆய்வகத்தின் கதவு அவருக்குத் திறந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கம்ப்யூட்டர் பாகுபாடு பார்க்காது என்பது சரி. கம்ப்யூட்டர் இருந்த கட்டிடத்தின் வாசலில் மனிதர்கள் இருந்தார்களே.

அடுத்த சில மாதங்களில் அதே ஊரில் நடந்ததைப் பாருங்கள். 1952 ஜனவரியில் டூரிங் வீட்டில் திருட்டு. போலீஸில் புகார் கொடுக்கப் போனவர், 19 வயது இளைஞன் ஒருவனோடு தனக்கு உறவு இருந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார். திருட்டு வழக்கு பின்னால் போய், அவரே குற்றவாளி ஆனார். 1885ஆம் வருஷத்துச் சட்டம், "மிக அநாகரிகமான நடத்தை" என்ற பிரிவு. மார்ச் 31 அன்று தண்டனை: ஜெயிலுக்குப் பதிலாக ஒரு வருஷம் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை. 1954 ஜூன் 7ஆம் தேதி அவர் இறந்தபோது வயது 41.

இங்கே ஒரு வார்த்தைப் பிரச்சினை. தமிழ்ப் பத்திரிகைகள் வெகுகாலம் "ஓரினச்சேர்க்கையாளர்" என்றே எழுதின. அந்தச் சொல் செயலை மட்டும்தான் பார்க்கிறது, கிட்டத்தட்ட 1885 சட்டம் பார்த்த மாதிரியே. தன்பாலீர்ப்பு என்ற சொல் ஈர்ப்பைச் சொல்கிறது. கிங்ஸ் காலேஜில் கிறிஸ்டோபர் உடைந்ததற்குக் காரணம் ஏதோ ஒரு செயல் என்று அக்கா சொல்லவில்லை. அதனால்தான் நான் இந்தச் சொல்லை விடாப்பிடியாகப் பயன்படுத்துகிறேன். பால்புதுமையினர் என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் கவிதை வாசனை அடித்தாலும்.

டூரிங் தண்டனை பெற்ற அதே 1952ல், அதே மெஷினில், ஸ்ட்ரேச்சி காதல் கடிதம் எழுதுகிற புரோகிராம் ஒன்றைப் போட்டார். ஒரு வாக்கிய அச்சு, அதில் காலியிடங்கள், அவற்றை நிரப்ப ஆங்கில ஒத்தசொல் அகராதியிலிருந்து பொறுக்கிய உருகுகிற வார்த்தைகளின் பட்டியல். எந்த வார்த்தை விழும் என்பதை முடிவுசெய்தது ஃபெரான்டி மார்க் 1க்குள் இருந்த தற்செயல் எண் கருவி. டூரிங் வற்புறுத்தி வைக்கச் சொன்ன கருவி அது. "அன்புள்ள" வகையறாவில் தொடங்கி ஏக்கம், பேராசை, தாகம் என்று தாறுமாறாக உருகி, கடைசியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் என்பதன் முதலெழுத்துகளில் கையெழுத்து போடும். அவற்றில் இரண்டை 1954 அக்டோபரில் என்கவுன்டர் இதழில் ஸ்ட்ரேச்சியே வெளியிட்டார். டூரிங் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

இதைப் பற்றி இப்போது நிறைய ஆய்வுகள் வருகின்றன. கம்ப்யூட்டர் எழுதிய முதல் இலக்கியம் என்கிறார்கள். எதிர்பால் காதலின் அபத்தத்தை இரண்டு தன்பாலீர்ப்பு ஆண்கள் கேலி செய்தார்கள் என்கிறார்கள். இருக்கலாம். ஸ்ட்ரேச்சி சொன்ன காரணம் வேறு: மிக எளிய தந்திரம் ஒன்று எவ்வளவு விதவிதமான, எதிர்பாராத விளைவுகளைத் தரும் என்று காட்டுவது. நான் அந்தக் கடிதங்களைப் படித்தபோது கவனித்தது இன்னும் சின்ன விஷயம். அவற்றில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. "என்" உண்டு, "உன்" உண்டு, "அவன்" "அவள்" கிடையாது. நம் மொழி தெரிந்தவர்களுக்கு இது உடனே உறைக்கும். தமிழில் "நீ வந்தாய்" என்றால் பால் தெரியாது, "வந்தான்", "வந்தாள்" என்றதும் தெரிந்துவிடும். கல்லூரியில் நான் எழுதிய கடிதங்களெல்லாம் முன்னிலையில்தான் இருக்கும். ரூம்மேட் எடுத்துப் படித்தாலும் யாருக்கு என்று கண்டுபிடிக்க முடியாது. ஸ்ட்ரேச்சி திட்டமிட்டுத்தான் அப்படி வைத்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த அச்சில் யாரும் யாருக்கும் எழுதலாம் என்பது மட்டும் நிஜம்.

டிராஃப்ட்ஸ் புரோகிராமும் 1952 கோடையில் ஒரு முழு ஆட்டத்தை ஆடிவிட்டது. பலகையைத் திரையில் காட்டும். எதிராளி காய் நகர்த்தத் தாமதித்தால் பொறுமை இழந்து திட்டும், கடைசியில் உன்னோடு ஆடமாட்டேன் என்று சொல்லிவிடும். வாத்தியார் புத்தி போகாது பாருங்கள். அந்த ஜூனில் அரசின் ஆய்வு வளர்ச்சிக் கழகத்தில் முழுநேர வேலை. ஹாரோவுக்கு டாட்டா.

அதற்குப் பிறகான வேலைகளைச் சுருக்கமாகத்தான் சொல்கிறேன், அது எல்லா வரலாற்றுப் புத்தகத்திலும் இருக்கிறது. பெகாசஸ் கம்ப்யூட்டரின் தர்க்க வடிவமைப்பு. 1959ல் பாரிஸ் யுனெஸ்கோ மாநாட்டில் டைம் ஷேரிங் பற்றிய கட்டுரை. 1965ல் ஆக்ஸ்ஃபோர்டில் புரோகிராமிங் ஆய்வுக் குழு. டானா ஸ்காட்டோடு சேர்ந்து, ஒரு புரோகிராமுக்குக் கணித ரீதியாக என்ன அர்த்தம் என்று சொல்கிற துறை.

எழுதி வெளியிட்டது மட்டும் மிகக் குறைவு. 1967 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் அவர் நடத்திய பாடக்குறிப்புகளில்தான் எல்-வேல்யூ, ஆர்-வேல்யூ, பாலிமார்பிசத்தின் இரண்டு வகைகள் எல்லாம் இருக்கின்றன. இன்று எந்த மொழி படித்தாலும் எதிரே வருகிற விஷயங்கள். அந்தக் குறிப்புகள் கைக்குக் கை நகலாகவே சுற்றின. அச்சில் வந்தது 2000ல். அவர் இறந்து 25 வருஷம் கழித்து. தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் நடுவில் என்னவோ ஒன்று உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்கு இந்தத் தேதிகள் வலிக்கும். சிலருக்கு ஆறுதலாகவும் இருக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1960லிருந்து சில வருஷங்கள். வேலையை விட்டுவிட்டு லண்டன் பெட்ஃபோர்ட் கார்டன்ஸ் வீட்டிலிருந்தே ஆலோசகராக இருந்த ஸ்ட்ரேச்சி, உதவியாளராகப் பீட்டர் லாண்டின் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டார். கமர்ஷியல் வேலைக்கு என்று பெயர். ஆனால் லாம்டா கால்குலஸை வைத்து நிரலாக்க மொழிகளை விளக்குகிற ஆராய்ச்சிக்கு அவரை விட்டுவிட்டார், சம்பளம் ஸ்ட்ரேச்சியின் சொந்தப் பையிலிருந்து. குளோஷர் என்ற கருத்தும், சின்டாக்டிக் சுகர் என்ற சொல்லும் லாண்டினிடமிருந்து வந்தவை. லாண்டின் இருபாலீர்ப்பு கொண்டவர். 1970களின் தொடக்கத்தில் லண்டனில் கே லிபரேஷன் ஃபிரன்ட் இயக்கத்தில் வெளிப்படையாகவே வேலை செய்தார்.

டூரிங் ஸ்ட்ரேச்சிக்கு ஒரு கையேட்டையும் ஒரு ராத்திரியையும் கொடுத்தார். ஸ்ட்ரேச்சி லாண்டினுக்கு ஒரு அறையையும் சில வருஷங்களையும் கொடுத்தார். மூவரும் ஒருவரையொருவர் "நம்மாள்" என்று நினைத்தார்களா? எந்தக் கடிதத்திலும் அப்படி எழுதிவைக்க முடியாத காலம். இங்கிலாந்தில் அந்தச் சட்டம் தளர்ந்ததே 1967ல்தான்.

கையேடும் ராத்திரியும் கிடைத்தாலும் பறித்துக்கொள்ளலாம் என்பதற்கு அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கதை. லின் கான்வே 1964ல் ஐபிஎம்மில் சேர்ந்தார். ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வரிசை மாற்றி நிறைவேற்றுகிற முறையைக் கண்டுபிடித்தார், இன்று உங்கள் போனில் இருக்கும் சிப்பும் அந்த யோசனையின் வாரிசைத்தான் ஓட்டுகிறது. 1968ல் தான் திருநங்கை, பெண்ணாக மாறப்போகிறேன் என்று சொன்னார். வேலை போனது. புதுப் பெயரில், பழைய சாதனை எதையும் சொல்லிக்கொள்ள முடியாமல், ஒப்பந்தப் புரோகிராமராக முதல் படியிலிருந்து ஏறினார். தெரிந்த தொழிலைத் தெரியாதவர் மாதிரித் தொடங்குவது என்ன வகைக் கல்வி என்று யோசித்துப் பாருங்கள். பிறகு ஜெராக்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்து, கார்வர் மீடோடு சேர்ந்து சிப் வடிவமைப்புக்கு அவர் எழுதிய பாடநூல் ஒரு தலைமுறைக்கே அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தது. ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020ல். 52 வருஷம். 2024 ஜூனில் காலமானார்.

ஸ்ட்ரேச்சி 1975 மே மாதம், 58 வயதில், கல்லீரல் அழற்சியால் இறந்தார். அவர் எழுதியதில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு பக்கம்கூட இல்லாத ஒரு கடிதம். 1965 ஜனவரியில் கம்ப்யூட்டர் ஜர்னலின் ஆசிரியருக்கு எழுதியது. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது என்றாவது நின்றுவிடுமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஒரு புரோகிராமை எழுதவே முடியாது என்பதற்கான நிரூபணம். டூரிங்கின் புகழ்பெற்ற முடிவு அது. 1953ல் ஒரு மாநாட்டுக்குப் போகும் வழியில், ரயில் பெட்டியில் உட்கார்ந்து டூரிங் அதைத் தனக்கு வாயாலேயே விளக்கினார் என்றும், விவரங்களைத் தான் உடனே மறந்துவிட்டதாகவும் ஸ்ட்ரேச்சி அதில் எழுதுகிறார். மறந்துபோனதால் தானே மறுபடி யோசித்து, தன் சிபிஎல் மொழியில் சில வரிகளில் ஒரு புரோகிராமாக அதைக் கொடுக்கிறார். அடுத்தடுத்த இதழ்களில் வாசகர்கள் அது செல்லாது, தப்பு என்றெல்லாம் சண்டைக்கு வந்தார்கள். நிரூபணம் சரிதான்.